அலாவுத்தீனுக்கு எத்தனை முகங்கள்?



ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டு அலாவுத்தீனை நினைத்துப் பாருங்கள். தொளதொளத்த கால்சட்டை, மார்பை மூடாத சிறு மேலாடை, கூம்புக் குல்லாய், கையில் தேநீர்க் குடுவை போன்றதொரு பித்தளை விளக்கு, அதன் மூக்கிலிருந்து சுருள் சுருளாக எழும் நீலப்புகை, அப்புகையின் உச்சியில் இடுப்புக்குக் கீழே உடலற்ற ஒரு பூதம். இவைதாமே உங்கள் மனக்கண்ணில் தோன்றின? இப்போது ஒரு கேள்வி. இவற்றுள் எத்தனை அந்தக் கதையில் எழுதப்பட்டிருக்கின்றன?

ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே விடை. இவையெல்லாம் கதை சொன்னவர் தந்தவை அல்ல. கதைக்குப் படம் வரைந்தவர்கள் தந்தவை. எழுத்தைப் படிப்பதற்கு முன்பே குழந்தை படத்தைப் பார்த்துவிடுகிறது. பின்னர் எழுத்தைப் படிக்கும்போதும் அந்தப் படத்தைத்தான் படிக்கிறது. ஆகவே, ஒரு கதைக்கு ஓவியர் எழுதும் உரை, எந்த உரையாசிரியரின் உரையைக் காட்டிலும் வலிமையானது.

உயிருள்ளவற்றை உருவமாக வரையலாமா என்பது நம் ஆலிம்கள் விரிவாக ஆராய்ந்துள்ள விஷயம். அதற்குள் நான் இங்கு நுழையவில்லை. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிள்ளைகளின் புத்தகப் பையிலும், பிறந்த வீட்டுப் பரிசுப் பொட்டலங்களிலும், தொலைக்காட்சித் திரையிலும் வந்து சேர்ந்துவிட்ட படங்களைப் பற்றியதே இக்கட்டுரை. அப்படங்கள் நம்மைப் பற்றிப் பேசுகின்றன. நம் பிள்ளைகளிடமே பேசுகின்றன. என்ன பேசுகின்றன என்று கேட்டறிவது நம் கடமையன்றோ?

முதலில் கதையின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். "ஆயிரத்தொரு இரவுகள்" நூலின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அலாவுத்தீன் கதை இல்லை என்று சொன்னால் பலர் வியப்படைவார்கள். 1704 முதல் 1717 வரை அந்நூலைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவர் அந்துவான் கல்லான் என்னும் அறிஞர். அவர் கையிலிருந்த அரபுப் பிரதி முடிந்துபோயிற்று. ஆனால் வாசகர்களின் ஆவல் முடியவில்லை. அந்த வேளையில், 1709-ஆம் ஆண்டு, பாரிஸ் நகருக்கு வந்திருந்த ஓர் இளைஞர் அவருக்குப் பல கதைகளைச் சொன்னார். சிரியா நாட்டு ஹலப் நகரைச் சேர்ந்த அந்த அரபுக் கிறிஸ்தவ இளைஞரின் பெயர் ஹன்னா தியாப். அவர் சொன்ன கதைகளுள் ஒன்றுதான் அலாவுத்தீன். அலி பாபாவும் அவர் தந்ததே. கல்லானின் நாட்குறிப்பில் இந்த இளைஞரின் பெயர் இருக்கிறது. ஆனால் அச்சான நூலில் எங்குமே இல்லை! உலகம் முழுவதும் அறிந்த கதையைச் சொன்ன மனிதர் நெடுங்காலம் பெயரின்றிக் கிடந்தார். அவர் முதுமையில் அரபு மொழியில் எழுதி வைத்த பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டு, 2015-இல் பிரெஞ்சிலும் 2021-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்துள்ளன. பதினான்காம் லூயி மன்னரின் வெர்சாய் அரண்மனைக்குள் சென்று வந்தவர் அவர். ஒரே இரவில் எழும் அலாவுத்தீனின் மாளிகையில் வெர்சாயின் சாயல் உண்டு என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இனி, கதை நிகழும் இடத்திற்கு வருவோம். அது பாக்தாத் அன்று, கெய்ரோவும் அன்று. கதையின் தொடக்கத்திலேயே சீன நாட்டின் ஒரு தலைநகரம் என்று சொல்லப்படுகிறது. ஆனால், அந்தச் சீன நகரில் வாழும் தையற்காரரின் பெயர் முஸ்தபா. அவர் மகன் அலாவுத்தீன். மார்க்கத்தின் மேன்மை என்று பொருள்படும் பெயர். ஆள்பவர் சுல்தான். அவருக்கு வஸீர் உண்டு. இளவரசியின் பெயர் பத்ருல் புதூர், முழுமதிகளுக்கெல்லாம் முழுமதி. சூனியக்காரன் வருவதோ ஆப்பிரிக்காவின் மேற்கு மூலையிலிருந்து. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் சீனம் என்றால் "வெகு தொலைவு" என்பதற்கு மேல் பொருள் இருந்திருக்காது.

ஆனால் ஓவியரால் "வெகு தொலைவு" என்று வரைய முடியாதே! கூரையை எப்படி வளைப்பது, கண்களை எப்படி எழுதுவது, தலையில் என்ன வைப்பது என்று அவர் முடிவு செய்தே ஆகவேண்டும். அலாவுத்தீனின் முந்நூறாண்டுப் பட வரலாறு இந்த முடிவுகளின் வரலாறுதான்.

கல்லானின் முதற்பதிப்பு படங்களின்றியே வந்தது. ஹாலந்து நாட்டில் அச்சிடப்பட்ட பதிப்புகளுக்கு டேவிட் கோஸ்டர் என்னும் செதுக்கோவியர் முகப்புப் படங்கள் செய்து தந்தார். அவருடைய கிழக்கத்திய அரசர்கள் ஐரோப்பியக் கட்டில்களில் சாய்ந்திருப்பவர்கள். கிழக்கு என்பது எப்படி இருக்கும் என்று அறியாதபோது, மனிதன் தன் வீட்டையே வரைகிறான். இதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. ஒரு வகையில் அது நேர்மையானது. "அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம்" என்று அது சொல்லாமல் சொல்கிறது.

அறிந்துகொண்டு வரையத் தொடங்கியபோதுதான் சிக்கல்களும் தொடங்கின. எட்வர்டு லேன் என்னும் ஆங்கில அறிஞர் கெய்ரோவில் பல ஆண்டுகள் தங்கி, நம் மக்களின் உடை, உணவு, தொழுகை, திருமணம் அனைத்தையும் கூர்ந்து கவனித்து 1836-இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் 1838 முதல் 1840 வரை ஆயிரத்தொரு இரவுகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்த வில்லியம் ஹார்வி கிழக்கு நாடுகளைக் கண்டவரல்லர். லேன் அவர் அருகிலிருந்து உடைகளையும் கட்டட அமைப்புகளையும் திருத்திக் கொடுத்தார். மரப்பின்னல் சாளரங்கள், உள்முற்றங்கள், தலைப்பாகையின் மடிப்புகள் எல்லாம் துல்லியமாக வந்தன. ஆனால் அவை 19-ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவின் சாளரங்கள்! ஹாரூன் ரஷீதின் பாக்தாதும் பஸராவும் திமிஷ்கும் எல்லாமே ஒரே கெய்ரோவாக மாறிப் போயின. லேன் அலாவுத்தீனைத் தம் நூலில் சேர்க்கவில்லை. 1835-இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் பதிப்பிக்கப்பட்ட அரபு மூலத்தில் அக்கதை இல்லாததே காரணம். என்றாலும், "கிழக்கு என்றால் இப்படித்தான் இருக்கும்" என்ற அச்சை வார்த்துக் கொடுத்தது அந்நூல். பின்வந்த ஓவியர்கள் அலாவுத்தீனையும் அதே அச்சில் ஊற்றினார்கள்.

இவ்விடத்தில் தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு சிறு செய்தி. 1863 முதல் 1865 வரை லண்டனில் டால்ஸியல் சகோதரர்கள் வெளியிட்ட ஆயிரத்தொரு இரவுகள் படப் பதிப்பு மரச்செதுக்குக் கலையின் சிகரங்களுள் ஒன்று. அதில் மிகுதியான படங்களை வரைந்த ஆர்தர் பாய்டு ஹாட்டன் 1836-இல் பிறந்தது நம் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில்! குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றுவிட்டவர். சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். நாற்பது வயது நிறையுமுன் மறைந்தவர். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படையில் பணியாற்றியவர். அந்த வீட்டுத் தொடர்பினால் போலும், அவர் வரைந்த அரபுக் கதைமாந்தர்களின் உடையிலும் முகத்திலும் இந்தியச் சாயல் தென்படுகிறது. அக்காலத்தில் ஓவியர் வழவழப்பான மரக்கட்டையின் மீது வரைவார். செதுக்குபவர் அந்தக் கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடங்களைக் குடைந்தெடுப்பார். ஆகவே மூல ஓவியம் அச்சுக்காகவே அழிந்துபோகும். ஒற்றைக் கண்ணால் பார்த்து வரைந்த அந்தக் கோடுகளில் நெரிசலான கூட்டங்களும், வயோதிகர்களின் சுருக்கங்களும், ஏழைகளின் கந்தலும் உயிரோடு நிற்கின்றன. பளபளப்பான பிற்காலப் படங்களைவிட எனக்கு அவை பிடித்திருக்கின்றன.

சீனத்தைச் சீனமாகவே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. வால்டர் கிரேன் 1875-ஆம் ஆண்டளவில் சிறுவர்களுக்காக வண்ணப் படப்புத்தகமாக அலாவுத்தீனை வரைந்தார். ஜப்பானிய மரஅச்சுப் படங்களில் மனம் பறிகொடுத்திருந்தவர் அவர். அழுத்தமான கறுப்புக் கோடு, நிழலற்ற தட்டையான வண்ணம், நெருக்கமான அலங்காரம் என்று ஜப்பானிய முறையிலேயே சீனக் கதையைத் தீட்டினார். சீனத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள வேறுபாடு அன்றைய லண்டனில் யாருக்கும் உறுத்தவில்லை. மேடையும் இதற்குத் துணை நின்றது. ஆங்கிலேயர்களின் கிறிஸ்துமஸ் கால நகைச்சுவை நாடகங்களில் அலாவுத்தீன் நெடுங்காலமாகவே பீகிங் நகரத்துப் பையன். 1861-இல் அரங்கேறிய ஒரு நாடகத்தில் அவன் தாய்க்குச் சீனத் தேயிலை வகை ஒன்றின் பெயரைச் சூட்டினார்கள். பெண் வேடமிட்ட ஆண் நடிகர் ஆடும் கோமாளிப் பாத்திரமாக அத்தாய் இன்றுவரை அந்த மேடைகளில் வலம் வருகிறாள். அந்தத் தாயைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

ஆக, ஓவியர்கள் இரு அணியாகப் பிரிந்தார்கள். சீனம் என்று வரைந்தவர்கள் இஸ்லாத்தை விட்டுவிட்டார்கள். இஸ்லாமிய நகரம் என்று வரைந்தவர்கள் சீனத்தை விட்டுவிட்டார்கள். இரண்டும் ஓரிடத்தில் இருக்க முடியாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சீனத்தின் குவான்ஸௌ துறைமுகத்தில் ஹிஜ்ரி 400-இல், அதாவது கி.பி. 1009-இல் எழுப்பப்பட்ட கருங்கல் பள்ளிவாசலின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. நம் இப்னு பதூதா "ஸைத்தூன்" என்று குறிப்பிடும் நகரம் அதுதான். (அதே நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டிருப்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.) ஸியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலில் குமிழ்க் குவிமாடம் கிடையாது, சீனத்து அடுக்குக் கூரைகளின் கீழ் அரபு எழுத்துகள் ஒளிர்கின்றன. முஸ்தபா என்று பெயர் கொண்ட ஒரு சீனத் தையற்காரர் கற்பனையே அல்ல. அப்படிப்பட்டவர்கள் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்து வருகிறார்கள். வளைந்த ஓட்டுக் கூரையின் கீழ் தொழுகைப் பாய் விரிந்திருக்கும் ஒரு வீட்டை வரைந்திருந்தால் கதைக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! நான் பார்த்த அலாவுத்தீன் படங்களில் அப்படி ஒன்று இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக்கலை மாறியது. ஓவியத்தை வண்ண வடிகட்டிகள் வழியே புகைப்படம் எடுத்து, நுண்ணிய புள்ளிகளாக்கி, நிறம் நிறமாக ஒன்றன்மேல் ஒன்று அச்சிடும் முறை வந்தது. செதுக்குபவரின் கத்தி விலகியது. ஓவியரின் தூரிகையில் கசிந்த நீர்வண்ணம் அப்படியே தாளில் இறங்கியது. வழவழப்பான தாளில் தனியே அச்சிட்டு, புத்தகத்தின் தடித்த பக்கங்களில் ஒட்டி, மேலே மெல்லிய தாள் போர்த்திய அந்தப் பரிசுப் பதிப்புகள் செல்வந்தர் வீட்டு மேசைகளை அலங்கரித்தன. பிரான்சில் பிறந்து லண்டனில் குடியேறிய எட்மண்ட் துலாக் இக்கலையில் மன்னர். 1907-இல் ஐம்பது வண்ணப் படங்களோடு ஆயிரத்தொரு இரவுகளின் கதைத் தொகுதி ஒன்று. 1914-இல் சிந்துபாதும் அலாவுத்தீனும் அடங்கிய மற்றொன்று. இரவின் நீலத்தை அவரைப் போலத் தீட்டியவர் அரிது. பாரசீகச் சிற்றோவியங்களைக் கூர்ந்து கற்றவர் என்பது இரண்டாம் நூலில் நன்றாகவே தெரிகிறது.

அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அழகு எதைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். கதையில் இளவரசி குளியல் மாடத்திற்குச் செல்லும் நாளில் நகரின் கடைகள் அடைக்கப்படுகின்றன. எவரும் வெளியே வரக் கூடாது, பார்க்கக் கூடாது என்று முரசறையப்படுகிறது. முகத்திரையோடு வரும் இளவரசியை அலாவுத்தீன் கதவிடுக்கில் ஒளிந்திருந்து காண்கிறான். அவள் திரையை விலக்கும் அந்த நொடியில்தான், தன் தாயைத் தவிர வேறொரு பெண்ணின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறான். எல்லாப் பெண்களும் தன் உம்மாவைப் போலவே இருப்பார்கள் என்று அதுவரை எண்ணியிருந்த பேதை அவன்! கதையின் மிக இனிய, மிக நகைப்பான இடம் இது. ஊரே கண்மூடிக் காத்த ஒரு மறைவு இங்கே பேசப்படுகிறது. துலாக் தீட்டியதோ இளவரசியின் குளியல் காட்சியை. கதவுக்கு வெளியே நின்ற அலாவுத்தீனுக்குக்கூடக் கிடைக்காத இடத்தை, காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவருக்கு ஓவியர் கொடுத்துவிட்டார்! ஐரோப்பியக் கலைஞர்கள் "அந்தப்புரம்" என்ற சொல்லைக் கேட்டாலே நெடுங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது.

விளக்கையும் ஜின்னையும் பற்றி ஒரு சொல். கதையில் வருவது ஒரு சாதாரண எண்ணெய் விளக்கு. குகையில் ஒரு மாடத்தில் எரிந்துகொண்டிருப்பது. ஜின் அந்த விளக்குக்குள் அடைபட்டிருக்கவில்லை. அது விளக்குக்குக் கட்டுப்பட்டது, தேய்த்தவர் முன் வந்து நிற்பது, அவ்வளவே. புகையாக வெளிப்படும் ஜின், மீனவன் கதையில் ஜாடிக்குள் அடைபட்டிருந்த ஜின். காலப்போக்கில் ஓவியர்கள் இரண்டு கதைகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். புகை வருவதற்கு ஒரு மூக்கு வேண்டுமே என்று விளக்கும் தேநீர்க் குடுவையாக நீண்டுவிட்டது! மூன்றே மூன்று வரங்கள் என்ற கணக்கும் இக்கதைக்கு உரியதன்று.

இது வேடிக்கை. வேடிக்கையல்லாத ஒன்றும் உண்டு. "விளக்கின் அடிமை" என்ற சொல்லைக் கண்ட 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பலர், அந்த ஜின்னை அச்சமூட்டும் கறுப்பின மனிதனாகவே வரைந்தார்கள். கதையில் அது அருவருப்பான பேருருவம் என்று சொல்லப்படுகிறதே தவிர, எந்த நாட்டு மனிதனின் முகமும் அதற்குத் தரப்படவில்லை. அடிமை வாணிகத்தால் கொழுத்த நாடுகளின் கண்களுக்கு "அடிமை" என்றவுடன் ஆப்பிரிக்க முகம்தான் தோன்றியது. பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்தின் பிள்ளைகள் அந்தப் படங்களைக் கேள்வியின்றிப் பார்த்து வளரலாமா?

குகைக்குள் அடைபட்ட காட்சியையும் சொல்லியாக வேண்டும். இருளில், பசியோடு, இரண்டு நாள்கள் கிடந்த அந்தச் சிறுவன், இனி உயிர்பிழைக்க வழியில்லை என்று உணர்ந்து கைகளைச் சேர்த்து இறைவனை அழைக்கிறான். ஆற்றலும் வலிமையும் அவனிடமன்றி வேறெவரிடமும் இல்லை என்ற பொருள்படும் சொற்களை, நாம் நாள்தோறும் ஓதுகின்ற அந்த திக்ரை, அவன் மொழிகிறான். அப்படிக் கைகளைச் சேர்க்கையில்தான் விரலிலிருந்த மோதிரம் அவனறியாமலே உரசுகிறது. மோதிரத்தின் ஜின் தோன்றுகிறது. உதவி வந்தது பிரார்த்தனையின் நடுவில். ஓவியர்கள் ஜின்னை வரைந்தார்கள். அதற்கு ஒரு நொடி முன்பு சேர்ந்த கைகளை வரைந்தவர்கள் அருகினர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1992-இல் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட சித்திரப் படம், அதற்கு முந்தைய அனைத்து ஓவியர்களையும் நம் பிள்ளைகளின் நினைவிலிருந்து துடைத்துவிட்டது. படத்தின் தோற்றத்திற்காக அவர்கள் உழைத்தார்கள் என்பதை மறுக்க இயலாது. பாரசீகச் சிற்றோவியங்களையும் அரபு எழுத்தணிக் கலையின் வளைவுகளையும் பார்த்துக் கோடுகளை அமைத்தார்கள். காட்சியமைப்புப் பிரிவின் தலைவராக இருந்த ரசூல் ஆசாதானி ஈரானில் பிறந்தவர். இஸ்ஃபஹான் நகரில் அவர் எடுத்து வந்த ஏராளமான புகைப்படங்கள் தெருக்களையும் கட்டடங்களையும் வரையத் துணை புரிந்தன. கதை நிகழும் நகரம் முதலில் பாக்தாத் என்றே இருந்தது; 1991-இல் வளைகுடாப் போர் மூண்டபின் "அக்ரபா" என்ற இல்லாத ஊராக்கப்பட்டது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த உண்மையான பாக்தாதைப் படத்தில் காட்ட முடியாமற் போயிற்று போலும்!

கட்டடங்கள் சரி, முகங்கள்? அலாவுத்தீனும் இளவரசியும் அமெரிக்க இளைஞர்களின் முகச்சாயலோடும் பேச்சோடும் வந்தார்கள். வஸீர், காவலர், கடைக்காரர் முதலியோருக்கே கொக்கி மூக்கும், தாடியும், தலைப்பாகையும், கரகரத்த வேற்றுமொழிச் சாயலும் வாய்த்தன. ஒரே ஊர், ஒரே இனம், ஆனால் நல்லவருக்கு ஒரு முகம், தீயவருக்கு வேறொரு முகம். தொடக்கப் பாடலில் அரபு மண்ணைக் காட்டுமிராண்டித்தனமானதாகச் சித்திரித்த வரிகளுக்கு அமெரிக்க அரபு மக்களின் பாகுபாட்டு எதிர்ப்புக் குழு கண்டனம் தெரிவித்தது. 1993-இல் வீட்டு ஒளிநாடா வெளிவந்தபோது காது அறுப்பது பற்றிய வரி மாற்றப்பட்டது. முகங்களை யார் மாற்றுவது? அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன் 2001-இல் வெளியிட்ட நூலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்களை எடுத்துக்கொண்டு, அரபு மக்கள் அவற்றில் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார். அந்த நீண்ட வரிசையில் இந்தச் சித்திரப் படமும் ஒன்று.

இதெல்லாம் பெரியவர்களின் விவாதம் என்று எண்ணிவிட வேண்டாம். என் மாலை வகுப்பில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். அதைப் புரட்டியவாறே, "ஹஜ்ரத், இதில் கெட்டவருக்கு மட்டும் ஏன் தாடி இருக்கிறது? என் நன்னாவுக்கும் இதே போல் இருக்கிறதே!" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என் தாடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். அருகிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு முடிந்தபின் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. நல்லவர்களுள் தாடி வைத்திருந்தவர் ஒருவர் மட்டுமே: கோமாளித்தனமான சுல்தான்.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன காட்டியிருக்க வேண்டும்? நம் மக்களை நம் மக்களே வரைந்த ஏடுகள் இல்லாமலில்லை. ஹிஜ்ரி 634-இல், அதாவது 1237-இல், யஹ்யா இப்னு மஹ்மூத் அல்-வாஸிதீ என்னும் இராக்கியக் கலைஞர் ஹரீரியின் மகாமாத் நூலைத் தம் கையாலேயே எழுதி ஏறத்தாழ நூறு படங்களும் தீட்டினார். பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் அந்தப் பிரதியில் குத்பா கேட்கும் மக்கள், நூலக அடுக்குகளின் முன் அமர்ந்திருக்கும் மாணவர்கள், கொடி ஏந்திய பெருநாள் ஊர்வலம், ஒட்டகக் கூட்டம், கிராமத்துக் கோழிகள், தாடி வைத்த அறிஞர், தாடி வைத்த ஏமாற்றுக்காரர் அனைவரும் இருக்கிறார்கள். எல்லாருக்குமே தாடி இருப்பதால் தாடி அங்கே எதற்கும் அடையாளமன்று! முகபாவத்தைப் பார்த்துத்தான் ஒருவரை அறிய வேண்டியிருக்கிறது. 1850-களில் ஈரானின் நாஸிருத்தீன் ஷாவுக்காக ஆயிரத்தொரு இரவுகளின் பாரசீக மொழிபெயர்ப்பு ஆறு பெருந்தொகுதிகளாக உருவாக்கப்பட்டது. ஸனீஉல் முல்க் என்ற பட்டம் பெற்ற அபுல் ஹஸன் கஃப்பாரியின் மேற்பார்வையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பணியாற்றினர். தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. அதிலும் காலக்குழப்பம் உண்டு. கலீஃபாக்களின் காலத்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டு ஈரானிய உடையில் உலவுகிறார்கள். ஹாலந்து ஓவியர் தம் வீட்டை வரைந்தது போலவே இவர்களும் தம் வீட்டை வரைந்தார்கள். ஆனால் அந்த வீடு அச்சமூட்டும் வீடாக இல்லை. மனிதர்கள் உண்டு, உறங்கி, சண்டையிட்டு, சமாதானமாகும் வீடாக இருக்கிறது.

மேற்கில் பிறந்த படங்களிலும் பொறுக்கி எடுக்கத் தக்கவை உள்ளன. சிங்கப்பூரில் பிறந்து, போர்க்காலத்தில் ஆக்ரா நகரில் சிறுபிராயத்தைக் கழித்த எர்ரல் லெ கெய்ன் 1981-இல் வெளியிட்ட அலாவுத்தீன் அத்தகையது. பாரசீகச் சிற்றோவிய மரபைக் கடன் வாங்கி, கரைகளில் பூவேலை நிறைத்து அவர் தீட்டிய பக்கங்களைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் 1989-இல் மறைந்துவிட்டார். பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்தத் தாயைப் பற்றிச் சொல்கிறேன். பஞ்சு நூற்று மகனைக் காப்பாற்றிய விதவை அவள். விளக்கை முதலில் தேய்த்தவன் அலாவுத்தீன் அன்று. பசிக்கு ஒன்றுமில்லாத நாளில், விற்பதற்கு முன் கொஞ்சம் துலக்கிவிடலாம் என்று மணலும் தண்ணீரும் கொண்டு விளக்கைத் தேய்த்தவள் அவளே. ஜின் முதலில் தோன்றியது அவள் முன்புதான். அவள் மயங்கி விழுந்தபின்னரே மகன் விளக்கைக் கையில் எடுக்கிறான். இளவரசியைப் பெண் கேட்க மகன் அனுப்பியபோது, "தையற்காரன் மகனுக்குச் சுல்தான் மகளா?" என்று அவள் பதறுகிறாள், ஆயினும் போகிறாள். பீங்கான் தட்டில் குவித்த மணிக்கற்களைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, சுல்தானின் அவைக்குச் சென்று, எவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், அவருக்கு எதிரே நின்றுவிட்டு, அவை கலைந்ததும் வீடு திரும்புகிறாள். மறுபடியும் போகிறாள். பல நாள்கள். இறுதியில் சுல்தானே கவனித்து, "தட்டேந்தி நிற்கும் அந்தப் பெண் யார்?" என்று வஸீரிடம் வினவுகிறார்.

ஆங்கில மேடையில் அவள் கோமாளியானாள். 1992-ஆம் ஆண்டுச் சித்திரப் படத்தில் அவள் இல்லவே இல்லை, அலாவுத்தீன் அநாதையாக்கப்பட்டான். 2019-இல் மனித நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தபோதும் அவ்வாறே. 1898-இல் ஆண்ட்ரூ லேங்கின் தொகுப்புக்கு ஹென்றி ஜஸ்டிஸ் ஃபோர்டு வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களுள் ஒன்று மட்டும் என் நினைவில் நிற்கிறது. பொற்தட்டுகள் ஏந்திய நாற்பது பணியாளரோடு அலாவுத்தீனின் தாய் சுல்தானின் முன் வந்து நிற்கும் காட்சி அது. ஆனால் அது அவள் வென்ற நாளின் படம். மூடிய தட்டோடு, பேச்சின்றி, அவையின் கூட்டத்தில் அவள் காத்து நின்ற அந்த நாள்களின் படத்தை நான் இன்னும் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. வாசகர் எவரிடமேனும் இருந்தால் ஆசிரியரின் முகவரிக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.